படகெலும்பு

"ஸ்கஃபாய்டு சார்" என்று அந்தப் பெண் சொல்லி முடிப்பதற்குள் நடராஜமூர்த்தி சிரித்துவிட்டார். சிரித்ததுகூடப் பரவாயில்லை. சிரித்த கையோடு ஜெசிந்தாவின் பக்கம் திரும்பினாரே, நீங்களும் வந்து கலந்துகொள்ளுங்கள் மேடம் என்பதுபோல, அதுதான் அவளுக்குச் சுருக்கென்றது. மருத்துவக் கல்லூரி முதலாம் ஆண்டு, உடற்கூறியல் வாய்மொழித் தேர்வு. பச்சைத் துணி விரித்த மேசை, மேசைமேல் எனாமல் தட்டு, தட்டு நிறையப் பாதத்து எலும்புகள். இந்தப் பக்கம் இரண்டு நாற்காலிகள். ஒன்றில் இந்தக் கல்லூரியின் துறைத்தலைவர் நடராஜமூர்த்தி, இன்னொன்றில் சென்னைக் கல்லூரியிலிருந்து வெளித்தேர்வாளராக வந்திருக்கிற டாக்டர் ஜெசிந்தா. அந்தப் பக்கம் ஒரு ஸ்டூல். ஸ்டூலில் உட்கார் என்று யாரும் சொல்லாததால் நின்றுகொண்டே இருந்தாள் சகாய ஷைனி. அவள் உள்ளங்கையில் ஒரு பக்கம் குழிந்து மறுபக்கம் புடைத்த சின்ன எலும்பு. உள்பாதத்து வளைவின் நடுவே உட்கார்ந்து உடம்புப் பாரத்தை வாங்கிக்கொள்கிற எலும்பு. இன்றைய புத்தகங்கள் அதை நேவிகுலர் என்கின்றன. "ஸ்கஃபாய்டு கையில இருக்கிறதும்மா," என்றார் நடராஜமூர்த்தி. "இது கால். கை எது கால் எதுன்னு தெரியாம ரெண்டாம் வருஷம் போயி யாரை அறுக்கப் போற?" பெண் எலும்பைத் திருப்பிப் பார்த்தாள். "சரி, நேவிகுலர்னா என்ன அர்த்தம்? அதாவது தெரியுமா? லத்தீன். குட்டிப் படகுன்னு அர்த்தம். எந்த ஊரு நீ?" அவள் ஊரைச் சொன்னாள். திருச்செந்தூருக்குத் தெற்கே, ஜெசிந்தாவுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு கரை. "அப்பா?" "கடலுக்குப் போறாங்க சார்." நடராஜமூர்த்தி மறுபடி ஜெசிந்தாவைப் பார்த்தார். "பாருங்க மேடம், வாசல்ல படகை நிறுத்தி வச்சிருக்கு, படகு தெரியலைங்குது. மீனைத் தவிர எதுவும் தெரியாது போல. போம்மா. அடுத்த ஆளை வரச் சொல்லு." அவள் எலும்பைத் தட்டில் வைத்தாள், சத்தம் வராமல், மெதுவாக. அவர் பென்சிலை எடுத்து அவள் பெயருக்கு நேரே ஒரு எண்ணைப் போட்டார். அந்த எண்ணுக்குத் தேர்ச்சி கிடையாது.

இப்போதே சொல்லியிருக்க வேண்டும். சார், அவள் சொன்னது பழைய பெயர், தப்பான பெயர் இல்லை என்று ஒரே ஒரு வாக்கியம். வாயில் என்ன கொழுக்கட்டையா இருந்தது? ஜெசிந்தா தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள், துடைக்கத் தேவையே இல்லை. ஒரு காலத்தில் இந்த இரண்டு பெயரும் கை எலும்புக்கும் கால் எலும்புக்கும் மாறி மாறி வழங்கியவைதானே. ஸ்கஃபே என்றால் கிரேக்கத்தில் குடைந்து எடுத்த ஒன்று, தொட்டியாகவும் இருக்கலாம், தோணியாகவும் இருக்கலாம். நாவிஸ் என்றால் லத்தீனில் கப்பல், அதைக் குட்டியாக்கினால் நாவிகுலா. கிரேக்கன் பார்த்ததும் படகு, ரோமாபுரிக்காரன் பார்த்ததும் படகு. ஒரே படகை இரண்டு பாஷையில் கூப்பிட்டுக் குழப்பிக்கொண்டிருந்தவர்கள் கடைசியில் பெயர்ப் பட்டியலைச் சீர்செய்ய உட்கார்ந்து, கிரேக்கத்தைக் கைக்கும் லத்தீனைக் காலுக்கும் என்று பாகப்பிரிவினை செய்துகொண்டார்கள். அதற்கு முந்திய புத்தகங்களில் காலில் இருப்பதும் ஸ்கஃபாய்டுதான். இந்தப் பிள்ளை அப்படி ஒரு புத்தகத்தைத்தான் படித்திருக்கிறது. பழைய புத்தகக் கடையில் அட்டை கிழிந்து கிடந்ததை வாங்கியிருக்கும், அல்லது ஊர்ப் பாதிரியார் யார் வீட்டிலிருந்தோ கேட்டு வாங்கிக் கொடுத்திருப்பார். வாங்கியதைக் கரைத்துக் குடித்திருக்கிறது. அந்த அட்டை கிழிந்த புத்தகத்துக்கு இந்த ஆள் சிரிக்கிறார். முப்பது வருஷமாக எலும்பு பிடிக்கிற ஆளுக்கு இது தெரியாதா, இல்லை தெரிந்தே சிரித்தாரா? தெரியாமல் சிரித்திருந்தால் மடத்தனம். தெரிந்து சிரித்திருந்தால், ஐயோ, அதற்கு என்ன பெயர் வைப்பது? கிரேக்கத்தில் தேடலாம். அவளுக்குக் காதோரம் சூடாகிக்கொண்டு வந்தது. குளிர்சாதனம் போட்ட அறை, மேலே மின்விசிறி வேறு, இருந்தும் முதுகில் புடவை ஒட்டிக்கொண்டது. இப்போதும் சொல்லலாம். பென்சில்தானே? இந்தத் தொழிலில் எல்லாரும் முதலில் பென்சிலால்தான் போடுவார்கள், சாயந்தரம் உட்கார்ந்து பேசி, கூட்டிக் குறைத்து, பிறகுதான் பேனா. சாயந்தரம் சொல்லிக்கொள்ளலாம். அவசரம் என்ன? இப்படித்தான் அவள் எல்லாவற்றையும் சாயந்தரத்துக்குத் தள்ளிப்போடுவாள். எந்தச் சாயந்தரமும் அவளுக்காகக் காத்திருந்ததில்லை.

அடுத்து வந்தவன் நல்ல உயரம், இஸ்திரி கலையாத வெள்ளைக் கோட்டு. வந்ததும் "குட் மார்னிங் சார், குட் மார்னிங் மேம்" என்றான், மணி மதியம் தாண்டியிருந்தும். நடராஜமூர்த்தி முகம் மலர்ந்தது. நண்பர் மகன், அப்பாவும் அம்மாவும் டாக்டர்கள் என்று காலையிலேயே காதில் போட்டு வைத்திருந்தார். "கொஞ்சம் பார்த்துக்குங்க மேடம்" என்றால் என்ன அர்த்தம் என்று அகராதி பார்க்க வேண்டியதில்லை. பையன் அதே எலும்பை எடுத்தான். நேவிகுலர் என்றான், குழிந்த பக்கம் டாலஸ் எலும்பின் தலையைத் தாங்கும் என்றான், முன்பக்கத்து மூன்று முகங்கள் மூன்று க்யூனிஃபார்ம் எலும்புகளுக்கு என்றான், எல்லாம் சரி, ஒரு குறையும் இல்லை. வலது காலா இடது காலா என்று ஜெசிந்தா கேட்டாள். தப்பாகச் சொன்னான். "டென்ஷன்ல சொல்றான் மேடம்," என்றார் நடராஜமூர்த்தி, "தம்பி, நிதானமா திருப்பிப் பாரு." தம்பி திருப்பிப் பார்த்து மற்றதைச் சொன்னான். இருப்பது இரண்டே கால், ஒன்று இல்லை என்றால் இன்னொன்று. இவனிடம் அர்த்தம் கேட்கவில்லையே இந்த மனுஷன். உங்கள் வீட்டு வாசலில் என்ன நிறுத்தியிருக்கிறது, கார்தானே, கார் மாதிரி ஏதாவது எலும்பு இருக்கிறதா என்று கேட்கவில்லையே. அர்த்தம் கேட்பது சிலரிடம் மட்டும். லத்தீன் கேட்பது சிலரிடம் மட்டும். காலையிலிருந்து அவள் கவனித்துக்கொண்டுதான் இருக்கிறாள். தாலுகாப் பள்ளியில் தமிழில் படித்து வந்தது என்று முகத்தைப் பார்த்ததும் அவருக்குத் தெரிந்துவிடும், உடனே கிரேக்கம், உடனே லத்தீன். கவனித்துக்கொண்டே மத்தியானம் அவர் வாங்கி வைத்த நண்டுக் குழம்பையும் சாப்பிட்டாள். "மேடத்துக்கு ஸீ ஃபுட் பிடிக்கும்னு கேள்விப்பட்டேன், ஸ்பெஷலா சொல்லி வச்சேன்." எங்கே கேள்விப்பட்டாராம்? நண்டை அவள் எடுத்த விதத்தைப் பார்த்து, ஓட்டை உடைக்கத் தெரிந்தவள்போல இருக்கிறதே என்றுகூட ஒரு சிரிப்பு. அவளும் சிரித்தாள். சிரித்தாளா? ஆமாம், சிரித்தாள். அந்தச் சிரிப்பு இப்போது வாயில் கசந்தது. நண்டில் ஒன்றும் குறையில்லை.

அவருக்குத் தெரியாது. இங்கே யாருக்கும் தெரியாது. ஜெசிந்தா என்ற பெயரிலிருந்து கிறிஸ்தவப் பெண் என்று தெரியும். நாகர்கோவில் பக்கம், ஆசிரியர் குடும்பமாக இருக்கும் என்று அவர்களே ஒரு கணக்குப் போட்டுக்கொள்வார்கள். அப்பா என்ன செய்தார் என்று கேட்டால் கடல் பக்கம் வேலை என்பாள், துறைமுகத்தில் ஆபீசர் என்று எடுத்துக்கொள்வார்கள், அவள் திருத்துவதில்லை. அப்பா வள்ளக்காரர். பங்கு வள்ளம், கூட்டாகச் சேர்ந்து வாங்கிய படகு. அந்த வள்ளத்தை ஒருநாள் கரையேற்றும்போது கீழே போட்டிருந்த உருளைக்கட்டை உருண்டு விலகி, வள்ளம் சறுக்கி, அவர் இடது பாதத்தின்மேல் இறங்கியது. பக்கத்து டவுன் ஆஸ்பத்திரிக்கு லாரியில் கொண்டு போனார்கள். ஜெசிந்தா பாவாடை சட்டையில் எக்ஸ்ரே உறையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கட்டிலோரம் நின்றாள். பெரிய டாக்டர் படத்தைச் சன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, சுற்றி நின்ற பயிற்சி டாக்டர்களிடம் இங்கிலீஷில் என்னவோ சொன்னார். நேவிகுலர் என்ற சொல் அதில் இருந்தது, போட் என்ற சொல்லும் இருந்தது. எல்லாரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். பாதம் பூசணிக்காய்போல வீங்கி, கண்ணில் தண்ணீர் நிற்க, பல் தெரியச் சிரித்தார். அவர்கள் போன பிறகு அவள் கேட்டாள், எதுக்குப்பா சிரிச்சீங்க, அவுக என்ன சொன்னாகன்னு தெரியுமா? "தெரியாது மக்கா," என்றார் அப்பா. "டாக்டரு சிரிக்காரு. நாம மூஞ்சத் தூக்கி வச்சிக்கிட்டிருந்தா நல்லா பாப்பாரா?" பின்னாளில் அவளும் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, முதலாம் ஆண்டு வகுப்பில் ஆசிரியை கரும்பலகையில் நேவிகுலர் என்று எழுதி, படகு என்று அர்த்தம் சொன்ன அன்றைக்குத்தான் அவளுக்கு அந்த ஹாஸ்யம் முழுசாகப் புரிந்தது. படகு விழுந்து படகு உடைந்ததாம். பக்கத்தில் இருந்தவளிடம் தலைவலி என்று சொல்லிவிட்டு வெளியே வந்து குழாயடியில் முகத்தைக் கழுவினாள், கழுவினாள், கழுவிக்கொண்டே இருந்தாள். அப்பா அதற்குள் ஐஸ் கம்பெனியில் உட்கார்ந்து ஐஸ் உடைத்துக்கொண்டிருந்தார். வள்ளத்தில் நிற்பவனுக்குக் கையைவிடக் கால்தான் பிடிமானம், பாதம்தான் பலகையைக் கவ்விக்கொண்டு நிற்கும், அது செத்துவிட்டது. எலும்புக்குப் படகு என்று பெயர் வைத்தவன் எவனும் படகில் நின்றவன் இல்லை. கரையில் நின்று வேடிக்கை பார்த்தவன். குழிவாக இருந்தது, படகு என்றுவிட்டான். குழிவாக இருப்பதெல்லாம் படகா? படகு என்பது குழி இல்லை. அது ஒரு வீட்டின் சோறு. இதை யாரிடம் சொல்வது, இந்த மேசையில்?

"மேடம், டீ," என்றார் நடராஜமூர்த்தி. டீ வந்தது, பக்கத்தில் முந்திரி பிஸ்கட். அவர் ஒரு பிஸ்கட்டை அவள் சாஸரில் வைத்தார். மோசமான மனுஷன் இல்லை. அதுதான் தொல்லை. மோசமானவனாக இருந்தால் சண்டை போடுவது சுலபம். ரயிலடிக்கு வண்டி அனுப்பினார், அறையில் வெந்நீர் வருகிறதா என்று தானே போன் செய்து கேட்டார், அவள் கணவனின் முதுகுவலியை ஞாபகம் வைத்து விசாரித்தார். "மாசக் கடைசியில நான் அங்க வர்றேன்ல," என்றார் இப்போது, டீயை உறிஞ்சிக்கொண்டே, "உங்க பிள்ளைங்களை நான் பார்த்துக்கிறேன் மேடம், கவலையே படாதீங்க." ஆமாம், மாசக் கடைசியில் அவள் கல்லூரிக்கு வெளித்தேர்வாளர் அவர்தான். இங்கே இவள், அங்கே அவர். நீ என் பிள்ளைகளைப் பார்த்துக்கொள், நான் உன் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறேன். எங்கும் எழுதி வைக்காத ஒப்பந்தம், எழுதி வைத்ததையெல்லாம்விட ஒழுங்காக நடக்கிற ஒப்பந்தம். அவள் கல்லூரிப் பிள்ளைகளில் ஒருத்தன் இருக்கிறான், திக்கித் திக்கித்தான் பேசுவான், எலும்பைக் கையில் கொடுத்தால் கண்ணை மூடிக்கொண்டு தடவியே எந்தப் பக்கம் என்று சொல்லிவிடுவான், ஆனால் வாயைத் திறக்க நேரமாகும். அவனை மனசுக்குள் இந்த நாற்காலிக்கு எதிரே நிறுத்திப் பார்த்தாள். கிரேக்கம் கேட்பார். சிரிப்பார். பக்கத்தில் இருப்பவரைத் திரும்பிப் பார்ப்பார். இன்றைக்கு அவள் வாயைத் திறந்தால் அங்கே அவன் மாட்டுவான், அவன் மட்டுமா, எல்லாரும் மாட்டுவார்கள். அப்படியானால் அவள் பேசாமல் இருப்பது பயமா, பிள்ளைகள்மேல் அக்கறையா? அக்கறை என்று சொல்லிக்கொண்டால் நன்றாகத்தான் இருக்கிறது. டாக்டர் சிரிக்கிறார், நாம் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டால் நல்லபடியாகப் பார்ப்பாரா. அட, இது அப்பா சொன்னதல்லவா? இத்தனை படிப்புப் படித்து, இத்தனை பேருக்குப் பாடம் நடத்தி, வந்து நிற்கிற இடம் அந்த ஆஸ்பத்திரிக் கட்டிலா? அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அப்பாமேல்கூடக் கோபம் வந்தது, செத்துப்போன மனுஷன்மேல். ஏன் சிரித்தீர்கள்? ஒரே ஒரு தடவை சிரிக்காமல் இருந்திருக்கக் கூடாதா? சிரித்தும் அந்த டாக்டர் நன்றாகப் பார்க்கவில்லையே, கால் வளைந்துதானே கூடியது.

கடைசி மாணவியும் போன பிறகு நடராஜமூர்த்தி சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து மூடியைத் திருகினார். "முடிச்சிரலாமா மேடம்? உங்களுக்கு வண்டி வேற காத்திருக்கு." சகாய ஷைனியின் பெயரில் விரல் வந்து நின்றபோது, "அந்தப் பிள்ளையைத் திரும்பக் கூப்பிடுங்க சார்," என்றாள் ஜெசிந்தா. குரல் தன்னுடையதுபோல இல்லை, கொஞ்சம் உயர்ந்திருந்தது. "எந்தப் பிள்ளை?" "ஸ்கஃபாய்டுன்னு சொன்ன பிள்ளை." அவர் ஒரு நொடி பார்த்தார். பிறகு தாராளமாகத் தலையை ஆட்டினார். "தாராளமா மேடம். வெளித்தேர்வாளர் சொன்னா மறுப்பு உண்டா?" உதவியாளர் போய்க் கூப்பிட்டார். என்ன கேட்பது? அவள் யோசித்து வைத்திருந்தாள். எந்தப் புத்தகம் படித்தாய் என்று கேட்பாள், பிள்ளை சொல்லும், பிறகு சாருக்கு விளக்குவாள், மரியாதையாகவே விளக்குவாள், யாருக்கும் நோகாமல். ஆனால் கதவுக்குள் கால் வைத்ததுமே பிள்ளை பேச ஆரம்பித்துவிட்டது. வெளியே அழுதிருக்கிறது, கண் இமை ஈரம். "நேவிகுலர் சார். ஸ்கஃபாய்டு கையில உள்ளது சார். படகுன்னு அர்த்தம். தப்பா சொல்லிட்டேன் சார். மன்னிச்சிருங்க சார்." மூச்சுவிடாமல் ஒப்பித்தது. கூட நின்றவர்களிடம் கேட்டு மனப்பாடம் செய்திருக்கும். கடைசியில் சிரித்தது. பல் தெரிய, உதடு நடுங்க, நடராஜமூர்த்தியைப் பார்த்துச் சிரித்தது. அவரும் சிரித்தார், மனம் நிறைந்த சிரிப்பு. "பாருங்க மேடம், புரிஞ்சுக்கிச்சு. இவ்வளவுதான் நமக்கு வேணும்." பென்சில் எண்ணை ரப்பரால் அழித்து, பேனாவால் வேறு எண் போட்டார். தேர்ச்சி. "போம்மா, நல்லா படி."

முடிந்தது. அவள் கேட்க நினைத்தது கிடைத்துவிட்டது, ஒரு விளக்கமும் சொல்லாமலேயே. பிள்ளை பாஸ். வண்டி காத்திருக்கிறது. மாசக் கடைசி பத்திரம், திக்கிப் பேசுகிறவனும் பத்திரம். எழுந்து கைப்பையை எடுத்துக்கொண்டு நன்றி சொல்லிவிட்டுப் போக வேண்டியதுதான். அந்தச் சிரிப்பு மட்டும் பிள்ளையின் முகத்தில் இருந்து இறங்காமல் நின்றது. அதை அவள் ஏற்கெனவே ஒரு கட்டிலில் பார்த்திருக்கிறாள். இப்போது ஒரு பத்தொன்பது வயது முகத்தில் பார்க்கிறாள். யார் சொல்லிக் கொடுத்தார்கள் இந்தப் பிள்ளைக்கு? வீட்டில் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். வேறு யார்.

"எதுக்கு மன்னிப்புக் கேக்க?" என்றாள், கைப்பையோடு எழுந்துவிட்ட ஜெசிந்தா. எத்தனையோ வருஷமாக வாயில் வராத பேச்சு, கரைப் பேச்சு, தானாக வந்தது. "நீ தப்பாச் சொல்லலட்டி. காலுல உள்ள இந்த எலும்புக்கும் அந்தப் பேருதான் இருந்துச்சு. பழைய புஸ்தகத்துல அப்படித்தான் போட்டிருக்கும். ரெண்டுக்கும் அர்த்தம் ஒண்ணுதான்." நடராஜமூர்த்தியின் பேனா நின்றது. "மேடம்," என்றார் மெதுவாக, "அதான் பாஸ் போட்டாச்சே." "பாஸைப் பத்தி நான் பேசல சார். இவ அப்பா கடலுக்குப் போறதைச் சொல்லிச் சிரிச்சீங்க. எங்க அப்பாவும் கடலுக்குப் போனவர்தான். வள்ளக்காரர். படகைப் பத்திக் கேக்கணும்னா இனிமே என்கிட்ட கேளுங்க." உதவியாளர் டீ கப்புகளைச் சேர்த்துக்கொண்டிருந்தவர் அப்படியே நின்றார். நடராஜமூர்த்தி பேனா மூடியைத் திருகி மூடினார், மெதுவாக, முழுசாக. "சும்மா தமாஷுக்குச் சொன்னது மேடம். இவ்வளவு சீரியஸா எடுத்துக்குவீங்கன்னு தெரியாது." பிறகு தட்டில் இருந்த எலும்புகளைப் பார்த்துக்கொண்டே, "சரி, மாசக் கடைசியில உங்க காலேஜுக்கு வருவேன்ல, அப்ப பேசுவோம்," என்றார். குரலில் கோபமே இல்லை. திக்கிப் பேசுகிறவனின் முகம் வந்து போனது. ஆனால் கோபம் குறையவில்லை, இன்னும் ஏறியது.

சகாய ஷைனி இன்னும் அங்கேயே நின்றாள். சிரிப்பு போயிருந்தது. ஜெசிந்தா அவள் கண்ணில் நன்றியைத் தேடினாளோ என்னவோ, இருந்தது அது இல்லை. பயம், பயத்துக்கு மேலே எரிச்சல். கையில் கிடைத்ததை யாரோ ஒரு பொம்பளை வந்து தட்டிவிடப் பார்க்கிறாளே என்கிற எரிச்சல். "மேடம்," என்றாள், துறைத்தலைவரை ஓரக்கண்ணால் பார்த்தபடி, "எனக்கு ஒண்ணும் இல்ல மேடம். சார் சும்மாதான் சொன்னாங்க. நான் பாஸ் ஆயிட்டம்லா. விட்டுருங்க மேடம். நாலு வருசம் நான் இங்கதான இருக்கணும்."

"நீ போ தாயி," என்றாள் ஜெசிந்தா. "உன் பாஸை யாரும் தொட மாட்டாங்க. இது உனக்காக இல்ல."

பிள்ளை போய்க் கதவு சாத்தும்வரை காத்திருந்தாள். பிறகு கைப்பையை மேசைமேல் வைத்துவிட்டு, நாற்காலியை நடராஜமூர்த்தியின் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தாள். "மாசக் கடைசி வேண்டாம் சார்," என்றாள், "இப்பவே பேசுவோம்."